மிட்வேயில் சுண்டெலி இன்னும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபது வயதைக் கடந்த விஸ்டம் என்னும் லேசன் ஆல்பட்ராஸ் கடற்பறவை, பசிபிக் பெருங்கடலிலுள்ள மிட்வே தீவில் மீண்டும் முட்டையிட்டதைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். 1956ஆம் ஆண்டில் அதன் காலில் வளையம் மாட்டிய பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் மறைந்த பிறகும் அந்தப் பறவை கூடு தேடி வருகிறது என்பது யாரையும் நெகிழவைக்கும் செய்திதான். ஆனால், ஹவாய்க்கு வடமேற்கே ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் மிட்வே முதலிய தீவுகளில் குடியிருப்புகள் இல்லாததாலும், அமெரிக்க அரசு அவற்றைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டதாலும், பறவைகள் அங்கே நிம்மதியாக வாழ்கின்றன என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே தொடரிலுள்ள லேசன் தீவை எடுத்துக்கொள்வோம். சுமார் நான்கு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுத்துவந்தார்கள். அந்தத் தொழிலை மேற்பார்வையிட்ட மாக்ஸ் ஷ்லெம்மர், இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கலாம் என்ற எண்ணத்தில் 1903 வாக்கில் முயல்களைக் கொண்டுவந்து விட்டார். வியாபாரம் எடுபடவில்லை, முயல்கள் மட்டும் பெருகின. 1909இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்தத் தீவுகளைப் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தார். இறகுக்காகப் பறவைகளை லட்சக்கணக்கில் கொன்று குவித்த கூட்டத்தை அடுத்த ஆண்டே தெடிஸ் என்ற அரசுக் கப்பல் சென்று பிடித்துவர அந்த ஆணை உதவியது என்பது உண்மை. ஆனால் முயலுக்கு அரசாணையைப் பற்றி என்ன தெரியும்? 1912-13இல் அனுப்பப்பட்ட ஒரு குழு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முயல்களைச் சுட்டுக் கொன்றது. தோட்டா தீர்ந்துபோகவே, மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுக் கரை திரும்பியது.

அந்த மிச்சமே தீவை மொட்டையடிக்கப் போதுமானதாக இருந்தது. 1923இல் பறவையியலாளர் அலெக்சாண்டர் வெட்மோர் தலைமையிலான டேனேஜர் ஆய்வுப் பயணத்தினர் வந்து இறங்கியபோது, செடிகொடிகள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்து, லேசன் ஒரு மணல்வெளியாகக் கிடந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத லேசன் அபபானே என்னும் செந்நிறத் தேன்குடிப் பறவைகளில் மூன்றே மூன்று எஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று கல்லின்மேல் அமர்ந்து பாடுவதைப் படம் பிடித்தார்கள். பிறகு மூன்று நாட்கள் மணற்புயல் அடித்தது. ஒதுங்குவதற்கு ஒரு புதர்கூட இல்லாத அந்தத் தீவில், புயல் ஓய்ந்த பின் அந்த மூன்றையும் காணவில்லை. காப்பகம் என்று அறிவித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆன பிறகு, காப்பகத்துக்கு உள்ளேயே நடந்தது இது. எஞ்சியிருந்த சில நூறு முயல்களை அந்தக் குழுவினர்தாம் கடைசியாக ஒழித்துக்கட்டினார்கள்.

லேசனின் பறக்க இயலாத கானாங்கோழிக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அதை முன்னதாகவே மிட்வேக்குக் கொண்டுசென்று விட்டிருந்ததால் அது பிழைத்துக்கொள்ளும் என்று நம்ப இடமிருந்தது. 1943இல் போர்க்காலப் படகு ஒன்றிலிருந்து அங்கே எலிகள் இறங்கின. இரண்டே ஆண்டுகளுக்குள் கானாங்கோழி இனமே இல்லாமல் போயிற்று.

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மிட்வேயில் எலிகளை 1990களில் ஒழித்துவிட்டார்கள், சுண்டெலிகள் தங்கிவிட்டன. அவற்றை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2015ஆம் ஆண்டின் கூடுகட்டும் பருவத்தில், முட்டையின்மேல் உட்கார்ந்திருந்த ஆல்பட்ராஸ்களின் கழுத்திலும் முதுகிலும் இரத்தக் காயங்கள் தென்பட, பணியாளர்கள் இரவில் கேமராக்களைப் பொருத்திப் பார்த்தார்கள். சுண்டெலிகள் பறவையின் முதுகில் ஏறி உயிரோடு கொறித்துத் தின்பது பதிவாகியிருந்தது. நிலத்தில் பகையே அறியாமல் வந்த இனம் என்பதால், அந்தப் பறவைக்கு எழுந்து போகவும் தோன்றுவதில்லை. அடுத்த பருவத்தில் நூற்றுக்கணக்கான கூடுகள் கைவிடப்பட்டன. இவ்வளவும் நடந்தது விஸ்டம் முட்டையிடும், மிட்வேயின் அதே சாண்ட் தீவில்தான். 2023 ஜூலையில் ஹெலிகாப்டரிலிருந்து விஷத் தீனி தூவி, சுண்டெலிகளை அடியோடு ஒழிக்க முயன்றார்கள். அதற்குப் பின்னும் சுண்டெலிகள் கண்ணில் பட்டன. தோட்டா தீர்ந்து திரும்பிய அந்தப் பழைய குழுவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது, கருவியும் காலமும் வேறென்றாலும்.

கடலில் சேரும் பிளாஸ்டிக்கால் பறவைகளுக்கு வரும் கேட்டைப் பற்றிக் கட்டுரை சொன்னதில் குறையில்லை. அதை நான் தொடவில்லை. ஆனால் அந்தத் தீவுகளில் இன்று எஞ்சியிருப்பவை எஞ்சியிருப்பதற்குக் காரணம், அங்கே தொடர்ந்து போய் வேலை செய்யும் மனிதர்கள். முயல்களின் காலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன லேசன் வாத்தில் 42 பறவைகளை 2004, 2005ஆம் ஆண்டுகளில் மிட்வேக்குக் கொண்டுவந்து, இரண்டாவது இடமொன்றில் அந்த இனத்தைப் பெருகவைத்தவர்கள் அவர்கள். இடுப்பளவு வளர்ந்து கூடுகளை மறைக்கும் அயல்நாட்டுக் களையை ஆண்டுக்கணக்கில் பிடுங்குபவர்களும் அவர்களே. லேசன் போன்ற தீவுகளில் இறங்க வேண்டுமானால் புதிய உடையும் காலணியும் வேண்டும். ஒட்டிவரும் விதையும் பூச்சியும் சாக, அவற்றை 48 மணிநேரம் உறைகுளிரில் வைத்தெடுக்க வேண்டும். படிக்கச் சலிப்பான இத்தகைய விவரங்களில்தான் ஓர் இனத்தின் உயிர் இருக்கிறது. 2016இல் பதினைந்து லட்சம் சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட பாதுகாப்பு எல்லையைக் கட்டுரையாளர் வியந்திருக்கிறார்; அந்த எல்லைக்குள் மிட்வேயின் நிலப்பரப்பு சுமார் ஆறு சதுர கிலோமீட்டர்தான், அதிலும் சுண்டெலியை ஒழிக்க ஒரு முயற்சி போதவில்லை.

எனவே, அடுத்த முறை விஸ்டத்தைப் பற்றிய செய்தி வெளியிடும்போது, அந்த ஆண்டில் சுண்டெலி ஒழிப்பு எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.