சந்தா முழுசு, படம் பாதி: ஒரு திறந்த மடல்

ஸ்ட்ரீமிங் தளத்தின் பழைய படங்கள் பிரிவைக் கவனிப்பவர்களுக்கு,

வணக்கம். ‘ப்ளண்டர் ரோடு’ படத்தை எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கு முறையும் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்ற பதில்தான் வந்தது.

1957-இல் ஹியூபர்ட் கார்ன்ஃபீல்ட் இயக்கிய 72 நிமிடப் படம் அது. சின்ன பட்ஜெட்தான், ஆனால் ரீகல்ஸ்கோப் அகலத்திரையில் எர்னஸ்ட் ஹாலர் ஒளிப்பதிவு செய்தது. நீங்கள் காட்டுவது அந்தக் காலத்து டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதி. நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் படம் காணோம்.

என் அப்பாவுக்குக் காது அநேகமாகக் கேட்காது. கொட்டும் மழையில், நடு இரவில், ஐந்து பேர் தங்கம் வரும் ரயிலை மறித்துக் கொள்ளையடிக்கும் அந்தத் தொடக்கத்தில் பேச்சு மிகக் குறைவு. யார் எங்கே நிற்கிறான், யார் கை எதற்கு நீளுகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். அவருக்காகத்தான் இந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். ஆனால் ஓரத்தில் நிற்பவனுக்குத் தோள் மட்டும்தான் இருக்கிறது. “அவன் எங்கே போனான்?” என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் தங்கத்தை மூன்று லாரிகளில் பிரித்து ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிக் கிளம்புகிறார்கள், பேச ஆரம்பிக்கிறார்கள். சப்டைட்டிலும் இல்லை. மகனோடு ரியோவுக்குப் போய்விட வேண்டும் என்று, கொள்ளையரில் ஒருவராக நடிக்கும் எலிஷா குக் ஜூனியர் ஏங்குவது என் அப்பாவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

முழு அகலப் பிரதியைப் போடுங்கள். அது இல்லாமல் இல்லை, ப்ளூ-ரே வட்டிலேயே வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் கைக்குக் கிடைத்ததை ஏற்றிவிட்டால் போதும் என்று யார் முடிவு செய்தது? போன வாரம் வந்த படத்தின் ஓரத்தை இப்படி வெட்டுவீர்களா? பழைய படம் பார்ப்பவர்களிடம் சந்தாவை மட்டும் குறைக்காமல்தானே வாங்குகிறீர்கள்?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான்: முழு அகலப் பிரதியும் சப்டைட்டிலும். தயவுசெய்து போடுங்கள்.

அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். அந்த லாரிகள் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தனவா என்று மட்டும் இன்னும் கேட்கிறார். நான் சொல்லவில்லை, அவரே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்