விடயம்: மாற்று வழியை முதல் வழியாக ஓடவிட்டிருக்கும் உங்கள் ரவுட்டர்கள்

திருகோணமலை

முகாமையாளர் அவர்களுக்கு,

எங்கள் ஹாட்வெயார் கடையின் நகரக் கிளை, கிண்ணியாக் கிளை, மூதூர்க் கிளை மூன்றையும், கடைக்கு ஒன்றாக ரவுட்டர் என்ற வழிகாட்டும் பெட்டி வைத்து, ஒரே வலையமைப்பாக இணைத்துத் தந்தது உங்கள் நிறுவனம்தான். நகரத்திலிருந்து கிண்ணியாவுக்கும், அங்கிருந்து மூதூருக்கும் 100 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்) பைபர். அது அறுந்தால் மட்டும் கைகொடுக்க, கொட்டியாறுக் குடாவுக்கு மேலாக நகரத்திலிருந்து நேரே மூதூருக்கு ஒரு ரேடியோ இணைப்பு. ஒப்பந்தத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. நடப்பது இதற்கு நேர்மாறு. பைபர் சும்மா கிடக்கிறது, ரேடியோ மாடாய் உழைக்கிறது.

பொங்கலுக்கு முந்திய வாரம் ஒரு பின்னேரம் நான் மூதூர்க் கடையில் நின்றேன். ஒருவர் பத்து மூட்டை சீமெந்துக்குக் காசை எண்ணி வைத்துவிட்டு நிற்கிறார். பில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லாவில் இருந்த பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிக் கொடுத்தது. அன்றிரவு நகரத்துச் சேர்வருக்கு, தரவு எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன். கிண்ணியா ரவுட்டரின் முகவரி அதில் இல்லவே இல்லை. எல்லாம் கடலுக்கு மேலாலேயே போகிறது.

உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு அழைத்தபோது, "அது டைனமிக் ஐயா, ஓஎஸ்பிஎஃப் தானே நல்ல வழியைத் தேடிக்கொள்ளும்" என்றார் தம்பி ஒருவர். ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழியைத் தெரிவுசெய்யும் முறை. தேடும், ஆனால் எதை வைத்து? ஒவ்வொரு இணைப்புக்கும் எழுதி வைத்த கொஸ்ட்டை, அதாவது அந்த இணைப்பின் செலவு எண்ணை, கூட்டி, மொத்தம் குறைந்த வழியை எடுக்கும், அவ்வளவுதான். எந்த வழியில் நெரிசல், எது இழுபடுகிறது என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. நாம் எண் கொடுக்காவிட்டால், ரவுட்டர் ஓர் அடிப்படை வேகத்தைப் போர்ட்டின் வேகத்தால் வகுத்து எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். அந்த அடிப்படை வேகம் பல ரவுட்டர்களில் 100 எம்பிபிஎஸ். பைபரும் ரேடியோவும் கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) போர்ட்டில்தான் செருகப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்குக் கீழே எண் கிடையாது, ஆகவே எல்லாவற்றுக்கும் கொஸ்ட் 1. கிண்ணியா வழியாக 2, கடல் வழியாக 1. ரேடியோ நல்ல நேரத்தில் தருவதே 60 எம்பிபிஎஸ் என்பது ரவுட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் கேபிள் செருகிய போர்ட்தான்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு சீமெந்து மூட்டையை யாரும் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சில் ஏற்றுவதில்லை. உங்கள் ரவுட்டர் ஏற்றுகிறது.

முதல்முறை வந்தவர்கள் மூன்று ரவுட்டரிலும் அடிப்படை வேகத்தை 10,000 எம்பிபிஎஸ் ஆக்கிவிட்டு, சரி என்று சொல்லிப் போனார்கள். எல்லாம் ஒரே கிகாபிட் போர்ட் என்பதால் 1 இருந்த இடமெல்லாம் 10 ஆனது. கிண்ணியா வழி 20, கடல் வழி 10. மாற்றம் ஏதுமில்லை, வருகைக் கட்டணம் மட்டும் வந்தது.

இரண்டாம் முறை வந்தவர் நகர ரவுட்டரில் ரேடியோவின் கொஸ்ட்டைக் கையால் 100 ஆக்கினார். மூதூர்ப் பக்கம் போகவில்லை. கொஸ்ட் என்பது வெளியே போகும் திசைக்கு மட்டும் உரியது. ஆகவே நகரத்திலிருந்து மூதூருக்குப் போவது இப்போது பைபரில் போகிறது, மூதூரிலிருந்து வருவது பழையபடி ரேடியோவில். எங்களுக்குப் பாரமே வருகிற பக்கத்தில்தான். பில்லும் சிசிடிவியும் மூதூரிலிருந்துதான் வருகின்றன.

ரேடியோ முழுதாகச் செத்தால்கூடப் பரவாயில்லை, ரவுட்டர் பைபருக்கு மாறிவிடும். பின்னேரங்களில் அது சாகாமல் இழுபறியில் கிடக்கும். கடல் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ரேடியோ அலை நேரே வரும் அலையைக் குழப்பும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று 10 செக்கனுக்கு ஒருமுறை அனுப்பும் ஹலோ என்ற சின்னச் செய்தி, 40 செக்கனுக்குள் ஒன்று வந்து சேர்ந்தாலே போதும், இணைப்பு உயிரோடு இருப்பதாகக் கணக்கு. பில் வந்து சேர்கிறதா என்பது அதன் கவலை இல்லை.

அப்புறம், போன வாரம் நீங்கள் அனுப்பிய கொட்டேஷன். தாமதத்தை அளந்து கொஸ்ட்டைத் தானாக மாற்றும் ஒரு மென்பொருளாம், மாதாந்தக் கட்டணத்துடன். 1979 இல், இணையத்தின் முன்னோடியான அமெரிக்க வலையமைப்பு அர்பாநெட்டில் இணைப்பின் தாமதத்தை அளந்து அதையே கொஸ்ட்டாக வைத்தார்கள். நெரிசல் கூடியதும் எல்லோரும் மற்ற வழிக்குப் பாய, அங்கே நெரிசல், உடனே எல்லோரும் திரும்பப் பாய்ச்சல். 1987 இல் அந்தக் கணக்கையே திருத்த வேண்டி வந்தது. மூன்று ரவுட்டர் உள்ள கடைக்கு அந்த வித்தை எதற்கு? ஓஎஸ்பிஎஃப்பின் 1998 ஆம் ஆண்டுத் தரநிலையே கொஸ்ட்டைத் தீர்மானிப்பதை நிர்வாகியிடம்தான் விட்டிருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் வாங்குவது நீங்கள், ஆகவே நிர்வாகி நீங்கள்தான். அந்தக் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புகிறேன்.

நாங்கள் கேட்பது அரை மணி நேர வேலை. ரேடியோவின் இரு முனையிலும் கொஸ்ட் 100. பைபர்கள் 10, 10 என்றே இருக்கட்டும். பிறகு எந்த ரவுட்டரில் எந்தப் போர்ட்டுக்கு என்ன எண் என்று ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டுத் தாருங்கள். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்தாவது கைவைக்கட்டும். இரண்டு வருகைக் கட்டணங்களையும் அடுத்த பற்றுச்சீட்டில் கழித்துவிட வேண்டும். பத்து நாளுக்குள் ஆகாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன், ட்ரேஸ்ரூட் பிரதிகளையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை வருவதென்றால் ஜும்ஆ நேரத்துக்கு மூதூருக்கு வாருங்கள். கடை பூட்டியிருக்கும், திறப்பு என்னிடம் உண்டு. எண்களை மாற்றியதும் பைபர் கேபிளை என் முன்னால் கழற்றி, ரேடியோவுக்கு மாறுகிறதா, செருகியதும் திரும்பி வருகிறதா என்று காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கணக்கும் கணினியும் பார்க்கும் பங்காளர்