பி.டி. பீரியட் விஷயமா பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டு பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது, பிள்ளைங்க நல்லா எழுதியிருக்காங்க, ஓவியம், பேச்சுப் போட்டியிலயும் பரிசு வாங்கியிருக்காங்க, எல்லாருக்கும் வாழ்த்துகள். ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டு லீவு முடிஞ்சதும் குடுத்து விட்டுருங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாரேன். பி.டி. பீரியடுக்கு விலக்கு கேட்டு வர்ற சீட்டு ரொம்ப கூடிப்போச்சு. வெயில்ல கருத்துருவா, வேர்த்துட்டா சாயங்காலம் டியூஷன்ல தூங்கிருவான்னு எழுதி விடுதீங்க. போன வாரம் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க நாலு பேரு ஷூவுல ஒரு பொட்டு மண்ணு படாம வேப்பமரத்தடியில உக்காந்து கணக்கு எழுதிட்டு இருந்தாங்க, ஒருத்திக்கு கைதான் நோட்டுல இருக்கு, கண்ணு முழுக்க கோ-கோ ஆட்டத்துல. எனக்கு மனசே கேக்கல.

5லருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடியாடணும், வாரத்துல 3 நாளாவது எலும்பும் தசையும் பலப்படுற விளையாட்டு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. உலகம் பூரா 11-17 வயசுப் பிள்ளைகள்ல 100க்கு 81 பேரு அந்த அளவு அசையுறதில்லயாம், பொம்பளப் பிள்ளைங்கள மட்டும் எடுத்தா 100க்கு 85 பேரு. குதிச்சு ஓடி எலும்பு உறுதியாகுற வயசே இதுதான்.

பிசியோதெரபி எடுக்குற பிள்ளைங்க வீட்லயும் "அவன் உக்காந்தே இருக்கட்டும்"ங்கீங்க. விழுந்துருவானோன்னு பயம், புரியுது. ஆனா பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால கை கால் அசைவு சிரமமாகுற நிலை, செரிப்ரல் பால்சின்னு சொல்லுவாங்க) உள்ள பிள்ளைகள வச்சு நடந்த ஆராய்ச்சியெல்லாம் சொல்லுதது, நாம கையக் கால நீட்டி மடக்கி விடுறத விட, அவனே எந்திரிக்க, படி ஏற, பந்து பிடிக்கன்னு தனக்கு வேண்டியத திரும்பத் திரும்ப செஞ்சு பழகுறதுதான் அதிகம் பலன் தருதுன்னு. எது செய்யலாம், எது கூடாதுன்னு தெரபிஸ்ட்கிட்ட எழுதி வாங்கிக் குடுங்க, பி.டி. சார் அதுக்கேத்த மாதிரி அவனையும் ஆட்டத்துல சேத்துக்கிடுவாங்க.

ஒண்ணு கண்டிப்பா சொல்லிருதேன். அடுத்த டேர்ம்லருந்து டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் நிரந்தர விலக்கு கிடையாது, அந்த பீரியட் டியூஷன் வீட்டுப்பாடம் எழுத இல்ல. போர்ஷன் முடிக்கணும்னு அதை எடுக்கக் கூடாதுன்னு டீச்சர்ஸ்கிட்டயும் சொல்லிட்டேன்.

காய்ச்சல்னா ஒரு போன் போதும். மாதவிலக்கு நாள்ல முடியலன்னா பிள்ள டீச்சர்கிட்ட வாயால சொன்னாலே போதும். வெயில் கொளுத்துற அன்னைக்கு வராந்தாவுலயே ஸ்கிப்பிங் வச்சுக்கிடுதோம். நீங்க சீட்டு எழுதுறதும் பிள்ள மேல உள்ள பாசத்துலதான்னு தெரியும், இத்தன நாளா எது கேட்டாலும் ஒத்துழைச்சிருக்கீங்க, ரொம்ப நன்றி. பி.டி. அன்னைக்கு ஒரு பெரிய தண்ணி பாட்டிலும் கேன்வாஸ் ஷூவும் மறக்காம குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்