ஷட்டர் இறக்குகிறவருக்கு யார் சொல்வது?

அன்புள்ள கயல்,

எந்த வேலையை எடுப்பது என்று கேட்டிருந்தாய். ஒன்று, அங்கே நெதர்லாந்திலேயே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கடல் வெள்ளத்தைக் கணக்குப் போடுவது. இன்னொன்று, சென்னைக்கு வந்து புயல் நேரத்தில் முன்னெச்சரிக்கை தரும் குழுவில் சேருவது. இதில் பாதிச் சம்பளம்கூட இல்லை என்கிறாய். முதல் வேலையும் மரியாதையான வேலைதான். ஆனாலும் நீ இங்கே வர வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கும் அம்மாவுக்கும் இருக்கிறது, அது வேறு.

டெல்ஃப்ட்டுக்குப் படிக்கப் போன புதிதில் கடல் வெள்ளத்தைத் தடுக்கும் மாஸ்லாண்ட் தடுப்பணையைப் பற்றிச் சொன்னாய். ராட்டர்டாமில் நீர்மட்டம் 3 மீட்டரைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால், கணினியே முடிவெடுத்துக் கதவுகளை மூடுமாம். 1953 வெள்ளத்தில் 1,836 பேரைப் பறிகொடுத்த நாடு. அந்த வலியை மறக்காமல் வேலை செய்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் கதவை மூடுவது ஒரு லஸ்கர். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, தண்ணீரைத் திறந்து மூடும் கடைமடை ரெகுலேட்டரில் நின்று ஷட்டரைக் கையால் சுற்றி இறக்குகிறவர். மேலேயிருந்து மழை வெள்ளம் வருகிறது, கீழே கடல் ஏறி நிற்கிறது. திறந்தால் உப்புத்தண்ணீர் வயலில் ஏறும், மூடினால் மழைத்தண்ணீர் வடியாமல் ஊரைச் சூழும். ஓதம், அதாவது கடலின் ஏற்றம், எத்தனை மணிக்கு இறங்கும், புயல் தள்ளும் தண்ணீர் அதோடு எவ்வளவு சேரும் என்று யாராவது சரியாகச் சொன்னால் அவர் எப்போது திறப்பது என்று தீர்மானிப்பார். அந்தக் கணக்கைப் போடத்தானே நீ படித்தாய்?

வேதாரண்யத்துக்குத் தெற்கே கடல் ஆழமில்லை என்பது உனக்குத் தெரியும். காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் அடியில் திரும்பிப் போக வழியில்லாமல் கரையில் குவியும். 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலிலும் கடல்தான் ஊருக்குள் வந்தது. 2018 நவம்பரில் கஜா நம் பக்கம் கரையேறியபோது நீயே பார்த்தாய்.

அப்புறம் தரைமட்டம். பொதுப்பணித்துறையில் லெவல் எடுத்தே காலம் தள்ளியவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2000-இல் விண்ணோடத்திலிருந்து ரேடார் எடுத்த உயரங்களைத்தான் பல இடங்களில் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்றாய். மரத்தின் தலையையும் கூரையையும் தரை என்று எடுத்துக்கொள்வதால் சில மீட்டர் பிழை வரும் என்றும் சொன்னாய். நம் கடலோர ஊர்கள் பல, கடல்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர்கூட இல்லை, கயல்! அந்தப் பிழையோடு வரைபடம் போட்டால் மூழ்கும் தெரு மேடாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேடு, உப்பளத்து வரப்பு, தூர்ந்துபோன மதகு, இவைதான் தண்ணீர் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை ஸ்டாஃப் என்கிற அளவுகோலும் லெவல் மெஷினும் கொண்டு, உயரம் குறித்து வைத்த பெஞ்ச் மார்க்கிலிருந்து நடந்துதான் எடுக்க வேண்டும். வானத்திலிருந்து லேசர் வைத்து அளந்தாலும் மதகு அடைத்திருப்பது அதில் தெரியாது. இங்கே வந்தால் இதற்கு ஆள் கேள், வாகனம் கேள். கொடுக்கத் தயங்கினால் விடாமல் கேள்.

இன்சூரன்ஸ் வேலையையே எடுத்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன். சென்னை வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன? உன் சான்றிதழ்கள் இங்கே அலமாரியில்தான் இருக்கின்றன, எவை வேண்டும் என்று எழுது. ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

அப்பா