மீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

பாளையங்கோட்டை
ஆனி மாதம், ஞாயிறு காலை

எய்யா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி ஓடும்போது வெட்டுகிறது, ஏர் ப்ளோ மீட்டர் போய்விட்டது, புதுசு வாங்கிப் போடப் போகிறேன் என்று சொன்னாய். நான் வாயெடுப்பதற்குள் உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிட்டது. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடிக்கிற வரைக்கும் எதையும் ஆர்டர் போட்டுவிடாதே.

நீ சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். வண்டி 1976 டட்சன் 280 இசட் கார். காலையில் ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலிங், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடவிடும்போது இன்ஜின் சுற்றுகிற வேகம், ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்குகிறது. 50 மைல் வேகத்தில் ஒரே அளவாக மிதித்துக்கொண்டு போனால் ஒரு வெட்டு, முழுதாக மிதித்தால் ஒழுங்காக இழுக்கிறது. அந்த ஊர் மெக்கானிக் இரண்டையும் சேர்த்து மீட்டர் தலையில் கட்டிவிட்டார். எனக்கு இது இரண்டு தனித்தனி வியாதி மாதிரித் தெரிகிறது. முதலாவதுக்கும் மீட்டருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

அந்த மீட்டர் என்ன செய்கிறது என்பது மனதில் படிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உன் வண்டியில் இருப்பது பாஷ் கம்பெனி 1974 வாக்கில் கொண்டுவந்த எல்-ஜெட்ரானிக் என்கிற, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை. அந்த 'எல்' ஜெர்மன் மொழியில் காற்றைச் சொல்லும் 'லுஃப்ட்' என்ற வார்த்தையிலிருந்து வந்தது. சேரன்மகாதேவியில் தாத்தா வயலுக்குக் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வருமே, அந்த மடையை நினைத்துக்கொள். மடைப்பலகை எவ்வளவு தூக்கியிருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் என்று மடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். மீட்டருக்குள் இருக்கும் பிளாப் அந்தப் பலகைதான். இன்ஜின் உறிஞ்சுகிற காற்று அதைத் தள்ளும், சுருள் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும், பிளாப் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைக் கருப்பு மூடிக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் ஒரு சின்னக் கை தொட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்ற கணக்கு.

இப்போது மடைக்குக் கீழே கரையில் ஒரு ஓட்டை விழுந்து பக்கத்து ஓடைத் தண்ணீர் கால்வாயில் கலக்கிறது என்று வை. மடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அதே மாதிரி மீட்டரைத் தாண்டிய பிறகு எங்கேயாவது காற்று உள்ளே போனால் மீட்டர் அதை எண்ணாது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைவாகவே கொடுக்கும், ஐடிலிங் ஆடும். கார்புரேட்டர் வண்டியில் ஆயில் மூடி லூசாக இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உன் வண்டியில் ஆயில் ஊற்றுகிற மூடி, டிப்ஸ்டிக்கின் ரப்பர் வளையம், இன்ஜெக்டர் உட்காரும் இடத்து ரப்பர், சின்னச் சின்ன வாக்குவம் ஓஸ், இத்தனையும் கணக்கில் சேர்த்தி.

அதனால் முதல் சோதனை இது. இன்ஜின் சூடாகி ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்று. வண்டி தடுமாற வேண்டும், நின்றே போனாலும் நல்லதுதான். மூடியைக் கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் ஏற்கெனவே வேறு எங்கேயோ காற்று போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மீட்டருக்கும், மிதித்தால் திறக்கிற த்ராட்டிலுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை இருக்கிற இடத்திலேயே பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே. கழற்றி வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போய், வாழை மட்டையை வளைப்பதுபோல ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார். கீழ்ப்பக்கத்து மடிப்புக்குள் மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கும், விரித்தால்தான் வாய் திறக்கும். இன்ஜின் ஆடும்போது அது திறந்து திறந்து மூடும். நான் கழற்றிய பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் குற்றம் இருந்தது.

அடுத்தது கனெக்டர்கள். 50 வருஷத்துப் பித்தளை. மீட்டர் கனெக்டரையும், தெர்மோஸ்டாட் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் சென்சாரின் இரண்டு கம்பிக் கனெக்டரையும் கழற்றிப் பச்சைக் களிம்பு இருந்தால் சுத்தம் செய். அந்த சென்சார் 20 டிகிரியில் இரண்டரை ஆயிரம் ஓம்ஸ் பக்கத்தில் காட்டும், சூடாக ஆக இறங்கும். அந்தக் கம்பி ஒழுங்காகத் தொடவில்லை என்றால் கம்ப்யூட்டர் இன்ஜின் பனிக்கட்டியாகக் கிடக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். பெட்ரோல் பிரஷரையும் ஒரு தடவை பார்த்துவிடு, 36 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அதை மட்டும் தனியாகச் செய்யாதே. பக்கத்தில் ஆள் வேண்டும், தீயணைப்பானும் வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1986-இல் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது ஒரு பிஎம்டபிள்யூ வந்தது. இதே மாதிரி ஐடிலிங் ஆட்டம். நான் நேராக மீட்டரின் கருப்பு மூடியைப் பெயர்த்தேன். உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு பல் சக்கரம் இருக்கிறது, ஒரு கம்பி கிளிப் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரத்தை ஐந்தாறு பல் தளர்த்தினேன், ஐடிலிங் சீரானது, வண்டியைக் கொடுத்துவிட்டேன். நாலு நாளில் கருப்புப் புகையோடு திரும்பி வந்தது, பிளக் ஆறும் கரி. பழைய இடத்துக்குத் திருப்பலாம் என்றால் எந்தப் பல்லில் இருந்தது என்று நான் அடையாளம் போடவில்லை. கடைசியில் பார்த்தால் ஆயில் மூடியின் வாஷர் நைந்து கிடந்தது. மீட்டருக்கு ஆன செலவைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மாதம் ஊருக்குப் பணம் குறைத்து அனுப்பினேன், உன் அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எழுத்தில் வருகிறது.

காற்றுக் கசிவையெல்லாம் அடைத்த பிறகும் 50 மைலில் அந்த வெட்டு இருந்தால், சரி, அப்போது மீட்டரைப் பார்ப்போம். ஒரே வேகத்தில் வருஷக்கணக்காக ஓட்டியிருந்தால் அந்தச் சின்னக் கை கார்பன் தடத்தில் ஒரே இடத்தில் உரசி உரசி அந்த இடம் தேய்ந்திருக்கும். நம் வீட்டு வாசற்படி நடுவில் மட்டும் குழிந்திருக்கிறதே, அது மாதிரி. முழுதாக மிதித்தால் கை அந்தக் குழியைத் தாண்டிவிடும், அதனால்தான் வண்டி இழுக்கிறது.

பேட்டரி கழற்றிவிட்டு, மீட்டர் கனெக்டரைப் பிடுங்கி, ஓம்ஸ் அளந்து பார். நான் சொல்லும் நம்பரெல்லாம் மீட்டரின் கனெக்டர் முனைகளின் நம்பர். 6-க்கும் 8-க்கும் நடுவில் 180 ஓம்ஸ் பக்கத்தில், 8-க்கும் 9-க்கும் நடுவில் 100 பக்கத்தில் காட்ட வேண்டும். 36-க்கும் 39-க்கும் இடையில் பிளாப் மூடியிருந்தால் தொடர்பு இருக்கக்கூடாது, விரலால் கொஞ்சம் தள்ளினால் வர வேண்டும். அது பெட்ரோல் பம்ப்புக்கான சுவிட்ச். இன்ஜின் நின்று காற்று நின்றால் பம்ப்பும் நிற்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. முக்கியமானது 7-க்கும் 8-க்கும் நடுவில். பிளாப்பை விரலால் மெல்ல, ரொம்ப மெல்ல, கடைசி வரை தள்ளிக்கொண்டே பார். இதற்கு டிஜிட்டல் மீட்டர் சரிப்படாது, நம்பர் தாவிக்கொண்டே இருக்கும், முள் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள். முள் கொஞ்சம் ஏறி இறங்கும், அதற்குப் பயப்படாதே, அந்தத் தடத்தின் அமைப்பே அப்படி. எங்கேயாவது ஒரு இடத்தில் முள் சட்டென்று தொடர்பே இல்லாத பக்கம் விழுந்தால் அதுதான் குழி. தள்ளும்போது பிளாப் எங்கேயும் உரசக் கூடாது, விட்டால் தானாக முழுதும் மூட வேண்டும். இன்ஜினிலிருந்து பின்பக்கமாக வெடித்து பேக்ஃபயர் அடித்த வண்டியில் பிளாப் வளைந்து ஓரத்தில் உரசும்.

குழி இருந்தாலும் மீட்டர் செத்துவிடவில்லை. மூடி சிலிகான் பசையால்தான் ஒட்டியிருக்கும், கத்தியால் பொறுமையாகச் சுற்றி அறுத்துத் திற. திறந்ததும் முதல் வேலை போட்டோ எடுப்பது, இரண்டாவது வேலை பல் சக்கரத்திலும் பக்கத்தில் உள்ள உடம்பிலும் நெயில் பாலிஷால் ஒரே கோடாக அடையாளம் போடுவது. சக்கரத்தைத் தொடவே வேண்டாம், அடையாளம் உன் மன தைரியத்துக்கு. பிறகு அந்தச் சின்னக் கையை ஒரு மயிரிழை அளவுக்கு வளைத்தால் அது தேயாத புதுத் தடத்தில் ஓடும். தடத்தில் எண்ணெய், ஸ்பிரே எதுவும் அடிக்காதே. மென்மையான துணி, கொஞ்சம் ஆல்கஹால், அவ்வளவுதான். மூடியைத் திரும்ப ஒட்டும்போது ஈரம் உள்ளே போகாதபடி ஒட்டு.

இங்கே காற்று அடிக்கிற அடியில் முற்றத்தில் போட்ட வேப்பம் பூ வற்றல் எல்லாம் பறந்துபோய் அம்மா இரண்டாம் தடவை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. நீ அந்த வண்டியை வாங்கியபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நீ கையில் கிரீஸோடு எடுத்து அனுப்பிய போட்டோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. உனக்கு என் தொழில் வேண்டாம் என்று நானே படிக்க வைத்தேன், ஆனாலும் அந்தக் கையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ஓம்ஸ் அளந்ததையெல்லாம் தாளில் எழுதி, ரப்பர் குழாயை விரித்துப் பிடித்தபடி ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு, ராத்திரி எந்நேரம் ஆனாலும் பரவாயில்லை. எல்லாம் பார்த்தும் சரிவரவில்லை, புதுசுதான் வேண்டும் என்றால் வாங்கிக்கொள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பழைய மீட்டரை அங்கே கடையில் விட்டுவிடாதே. டிசம்பரில் வரும்போது துணிக்கு நடுவில் சுற்றி எடுத்து வா. என் முள் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு வைத்துவிட்டேன்.

அப்பா