கையெழுத்திடும் முன் படியுங்கள்: சமூகப்பணித் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இளங்கலை மாணவர்களின் களப்பணி எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களை ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். அங்கே கண்டதையும் செய்ததையும் அவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதி வருகிறார்கள். துறை ஆசிரியர் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்தைப் பற்றியதே இம்மடல்.

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்குக் களப்பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், முந்தைய பருவத்தில் எழுதிய நோட்டையும் கொண்டுவந்திருந்தார். அவர் அப்போது பணியாற்றிய மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒரு சிறுமி, உறவினர் ஒருவர் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள். அதை அரைப் பக்கத்துக்கு எழுதிவிட்டு, 'இதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை' என்று அந்த மாணவி முடித்திருந்தார். அவ்வரிக்கு நேர் கீழே பச்சை மையில் ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அடுத்த பக்கம் மையத்தின் ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டியதைப் பற்றியது. கல்லூரியில் யாரும் உங்களிடம் இதுபற்றிக் கேட்கவில்லையா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். அன்றே காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தெரிவித்தோம். சிறுமி இப்போது பாதுகாப்பாக இருக்கிறாள். இடையில் கழிந்த மாதங்களுக்கு யார் பொறுப்பு?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இத்தகைய குற்றத்தை அறியவரும் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க 21-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பத்தொன்பது வயது மாணவியை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் என்பதை, அவரைக் களத்துக்கு அனுப்பும் முன் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார், எழுதினார். படிக்க வேண்டியவர்தான் படிக்கவில்லை.

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இதுதான். களப்பணிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும் சமூகப்பணியில் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும். அவர் வாரந்தோறும் மாணவரை நேரில் அமர்த்தி, நோட்டை வரிவரியாகப் படித்துப் பேச வேண்டும்.

இது புதிய கோரிக்கை அன்று. 1936-இல் பம்பாயில் டாடா சமூகப்பணிப் பள்ளியும், 1952-இல் சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் தொடங்கிய மரபில் வந்தவர்கள் நாம். வகுப்பறைக்கு நிகராகக் களத்தை வைத்ததே அம்மரபின் சிறப்பு. இன்றோ பல இடங்களில் களப்பணி என்பது நிறுவனத்தின் பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவதும், விழாவுக்கு நாற்காலி போடுவதுமாகச் சுருங்கிவிட்டது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், புறநகர்ப் பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டிய கிராமங்களுக்கு மாணவிகள் தங்கள் கைக்காசைச் செலவழித்தே போகிறார்கள். படித்து முடித்தபின் கிடைப்பதோ பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்த வேலை. இத்தொழிலை முறைப்படுத்த மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் உள்ளதுபோன்ற தேசிய மன்றம் ஒன்று இதுவரை சட்டப்படி அமையவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் 'சமூகப்பணியாளர்' இருவரை அமர்த்தச் சொல்லிவிட்டு, அதற்குரிய பட்டங்களாகக் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றை எண்ணுகிறது; சமூகப்பணிப் பட்டம் அப்பட்டியலில் இல்லை. நம் பட்டத்துக்கு உரிய மதிப்பை அரசிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் படிக்காமல் இட்ட கையெழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது?

இவற்றில் பல உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஒரே ஆசிரியர் மிகப் பல மாணவர்களைக் கவனிக்க வேண்டியிருப்பதையும் அறிவேன். அப்படியானால் மாணவர் சேர்க்கையைக் குறையுங்கள். அல்லது களத்தில் அனுபவமுள்ள எங்களைப் போன்றோரை வழிகாட்டிகளாக அழையுங்கள், வருகிறோம். நோட்டு படிக்கப்படாத நிலையில் மட்டும் ஒரு மாணவரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

வரும் கல்வியாண்டுக்கான களப்பணி ஒதுக்கீடு தொடங்கும் முன், வாராந்திர வழிகாட்டலைப் பாடத்திட்டத்திலேயே கட்டாயமாக்கி, முதல் நாள் பயிற்சியில் போக்சோ சட்டத்தின் கடமைகளையும் சேர்க்குமாறு உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளர் ஒருவர்