கேமராத் திரையின் பச்சைச் சாயல்: நான்காவது முறையாக அனுப்பும் புகார்

அனுப்புநர்: சாலிகிராமத்தில் இருந்து ஓர் ஒளிப்பதிவாளர் (பெயர், முகவரி, கேமராவின் வரிசை எண் எல்லாம் முந்தைய மூன்று கடிதங்களிலும் இருக்கின்றன)

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் அவர்கள்

பொருள்: சினிமா கேமராவின் உள்திரை நிறம் தவறாகக் காட்டுவது, அதைக் கேலிப்ரேட் செய்து (அளந்து நிறத்தைச் சரிப்படுத்தி) தராமல் அலைக்கழிப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முதலில் ஒன்று. என் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. நிறக்குருடு உண்டா என்று பார்க்கும் இஷிஹாரா சோதனையில் காட்டிய அத்தனை தட்டுகளிலும் எண்ணைச் சரியாகப் படித்தேன் என்று கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழை இணைத்திருக்கிறேன். கேமராத் திரை பச்சையடிக்கிறது என்று புகார் சொன்னவன் எதற்காகக் கண் மருத்துவமனையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தான் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து இந்த முறையாவது கடைசி வரை படியுங்கள். முந்தைய மூன்று கடிதங்களுக்கும் வந்தது ஒரே வரிதான்: "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது." எதைத் தீர்த்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பதினோரு மாதங்களுக்கு முன்பு, பாதி சேமிப்பும் பாதி கடனுமாக இந்தக் கேமராவை வாங்கினேன். இதன் 5 அங்குல உள்திரை 'தொழிற்சாலையிலேயே ரெக் 709-க்குக் கேலிப்ரேட் செய்யப்பட்டது' என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். ரெக் 709 என்றால் டிவிப் படங்களின் நிறத்துக்கான பொதுத் தரம். பெட்டியில் இருந்த அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன். வெள்ளை வேட்டியைக் காட்டினால், பாசி படிந்த குளத்தில் அலசிக் காயப்போட்ட வேட்டி மாதிரி தெரிகிறது.

குறை திரையில்தான், வேறெங்கும் இல்லை என்பதை எப்படிச் சோதித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். லென்ஸைக் கழற்றி மூடி போட்டு, கேமராவே உருவாக்கும் கலர் பாரை (சோதனைக்கான நிறப்பட்டைகளை) ஓடவிட்டேன். அதில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் விளக்குக்கும் வேலையே இல்லை. அதே கலர் பாரை எஸ்டிஐ வீடியோ கேபிள் வழியாக, முறையாகக் கேலிப்ரேட் செய்த மானிட்டருக்கு அனுப்பினேன். மானிட்டரில் சாம்பல் சாம்பலாக இருக்கிறது. உள்திரையில் அதே சாம்பல் பச்சை. கேமரா அனுப்பும் சிக்னல் சுத்தமாக இருக்கிறது, உங்கள் பேனல்தான் கெட்டிருக்கிறது. சொந்தத் தயாரிப்பு, உங்களுக்குத் தெரியாததா?

அதோடு விடவில்லை. ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறத்தை அளக்கும் ஒரு ஸ்பெக்ட்ரோ மீட்டரை வாடகைக்கு எடுத்தேன். கலரிமீட்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது வடிகட்டிகளை வைத்து அளப்பது, பேனலுக்குப் பேனல் திருத்தம் கொடுக்க வேண்டும். பிறகு "உங்கள் மீட்டர்தான் தப்பு" என்று சொல்வீர்கள் என்றுதான் செலவானாலும் ஸ்பெக்ட்ரோ எடுத்தேன். அறையை இருட்டாக்கி, திரையை அரை மணி நேரம் சூடாக விட்டு, பிறகு முழு வெள்ளையை அளந்தேன். ரெக் 709 கேட்கும் டி65 வெள்ளை என்றால், நிறத்தின் இடத்தைக் குறிக்கும் எண்கள் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290 வர வேண்டும். உங்கள் திரையில் வந்தது எக்ஸ் 0.306, ஒய் 0.349. சரியான நிறத்தில் இருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் டெல்டா-இ 3-க்குள் இருந்தால் சரி என்று விட்டுவிடலாம். இது இரட்டை இலக்கம்.

இந்த எண்களை இரண்டாவது கடிதத்திலேயே அனுப்பினேன். அதற்கு உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஒருவர் பேசினார். "சார், நீங்க கொடுத்த அளவைக் கணக்குப் போட்டா 6700 கெல்வின் வருது. 6500-க்குப் பக்கத்துலதானே இருக்கு, இது லிமிட்டுக்குள்ள" என்றார். எனக்குத் தலை சுற்றியது. கெல்வின் என்பது மஞ்சளா நீலமா என்பதை மட்டும்தான் சொல்லும். பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லவே சொல்லாது. பழைய ட்யூப்லைட்டுக்கும் கெல்வின் உண்டு, அதன் கீழே முகத்தைப் படம் பிடித்தால் என்ன நிறத்தில் வரும்? சினிமா கேமரா விற்கும் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு இதை நான் போனில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

சரி, பெங்களூருக்கு வருகிறேன்.

சென்னையில் வாங்கிய கடைக்காரர் "சர்வீஸ் எல்லாம் பெங்களூருதான் சார்" என்றார். உங்கள் உதவி எண்ணில் கேட்டேன், நேரில் கொண்டு வந்தால் அன்றே பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். விடிகாலை ரயிலில், 350 கிலோமீட்டர், கேமராப் பெட்டியை மேலே வைக்கப் பயந்து மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். உங்கள் மையத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்த பிறகு கவுன்ட்டருக்கு ஒருவர் வந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. அன்றைய தேதியும் டோக்கன் எண்ணும் இணைப்பில் இருக்கின்றன, யாரென்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அவர் மீட்டர் எடுக்கவில்லை. இருட்டறைக்குக் கொண்டு போகவில்லை. தலைக்கு மேல் ட்யூப்லைட் திரையில் பளபளவென்று அடித்துக்கொண்டிருக்க, தன் சட்டைப் பையில் இருந்து சொந்த மொபைலை எடுத்தார். ஒரு வெள்ளைப் படத்தைத் திறந்து, என் கேமராத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு. உங்களோடது கொஞ்சம் நீலமாவே இருக்கு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். அவர் மொபைலில் கண் பாதுகாப்பு மோட் போட்டிருந்தது. முழுத் திரையும் பழுத்த எலுமிச்சை நிறம். அதைச் சொன்னேன். அதற்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன பதில்: "சார், எங்களுக்கு எல்லாம் சரியாத் தெரியுது. நீங்க ஒரு தடவை கண்ணை செக் பண்ணிக்குங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் சிரித்தார்.

இருபத்திரண்டு வருடமாக நிறம் பார்த்துச் சம்பாதிப்பவன் நான். திரும்பி வரும் ரயிலில் காட்பாடி தாண்டும் வரை ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுநாளே போய்க் கண்ணைச் சோதித்தேன். கோபத்தில் போனேன் என்பது உண்மை, கொஞ்சம் பயத்திலும்தான் போனேன். அந்தப் பயத்தை எனக்குள் போட்டதற்கு உங்கள் ஆள் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு சின்னச் சாயலுக்கா என்று நினைப்பீர்கள். அதனால் நான் இழந்ததைச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு விளம்பரப் படம். தறி வீட்டுக்குள் இடம் குறுகல். கேமரா கிம்பலில் (ஆட்டத்தைத் தாங்கும் பிடியில்) இருந்தது, வெளி மானிட்டர் வைக்க வழியில்லை, உள்திரைதான் கதி. படத்தை அன்றிரவே கொடுக்க வேண்டும் என்பதால் ரா (பின்னால் நிறத்தைத் தாராளமாகத் திருத்த விடும் கச்சாப் பதிவு) எடுக்கவில்லை, லட்டை (நிறத்தை மாற்றும் அட்டவணையை) படத்திலேயே ஏற்றிப் பதிவு செய்தோம். திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்ததால், தறி வீட்டு விளக்குதான் காரணம் என்று நினைத்து டின்ட்டை (பச்சை-மெஜந்தா சமநிலையை) மெஜந்தா பக்கம் நகர்த்தினேன். திரையில் அழகாக வந்தது. பதிவில் எல்லாம் ரோஸ்.

புடவை மயில்கழுத்து நிறம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, மடிப்பு திரும்பும்போது மாறி மாறி மின்ன வேண்டும். அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரவு கடையில் பெரிய டிவியில் போட்டுக் காட்டியபோது, அதை நெய்த பெரியவரும் வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது நான் போட்ட நூல் இல்லையேப்பா. கத்தரிப்பூ மாதிரி இருக்கு." முதலாளி எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் மோசம்.

கலரிஸ்ட் நண்பர் இரண்டு ராத்திரி உட்கார்ந்தார். நூலைச் சரி செய்தால் நெசவாளரின் முகம் பச்சையாகிறது, முகத்தைச் சரி செய்தால் நூல் போகிறது. கடைசியில் என் சொந்தச் செலவில் இன்னொரு நாள் போய் எடுத்துக் கொடுத்தேன், 85,000 ரூபாய். அந்தக் கடைக்காரர் தீபாவளிப் படத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அவர் தம்பிக்கு இரண்டு கடை, மச்சானுக்கு ஒன்று, அத்தனையும் போயிற்று. என் கணக்கில் இது 10 லட்சத்துக்குக் குறையாது. இருபத்திரண்டு வருடப் பெயருக்கு இன்னும் விலை போடவில்லை.

பதிவாகும் வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபடமாகக் காட்டும் அலைவடிவமோ ஆர்ஜிபி பரேடோ வைத்துப் பார்த்திருக்கலாமே என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். பார்த்திருக்கலாம். அந்த நெருக்கடியில் பார்க்கவில்லை, அது என் பிழைதான். ஆனால் கேலிப்ரேட் செய்த திரை என்று எழுதி விற்றுவிட்டு, அதை ஏன் நம்பினாய் என்று கேட்பது என்ன நியாயம்?

மெனுவில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் மூன்றும் கொடுத்திருக்கிறீர்கள். திரைக்கென்று டின்ட் இல்லை, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க வழியில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு கேமராவையும் கேலிப்ரேட் செய்வது உண்மையானால், அதற்கான சர்வீஸ் மெனு உள்ளே எங்கோ இருந்தாக வேண்டும். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு உங்களிடம்தானே இருக்கும்? பத்து நிமிட வேலை. அதற்காகத்தான் நான் ஆறு மாதமாக நடக்கிறேன்.

உங்களை நம்பிப் பயனில்லை என்று நானே ஒரு வழி செய்தேன். ஸ்பெக்ட்ரோ அளவுகளை வைத்து, பச்சையை இழுத்துப் பிடிக்கும் திருத்தத்தையும் நான் வழக்கமாகப் பார்க்கும் லட்டையும் ஒன்றாகச் சேர்த்து, 33 புள்ளி லட் ஒன்று செய்து உள்திரைக்கு மட்டும் போட்டேன். 33 x 33 x 33, மொத்தம் 35,937 புள்ளிகள். திரையின் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் வேட்டி வேட்டியாகத் தெரிந்தது. அதைக் கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன்.

அப்புறம் நீங்களே அழைத்து "மும்பைக்கு அனுப்புங்கள், அங்கே சீனியர் இன்ஜினியர் பார்ப்பார்" என்றீர்கள். அனுப்பினேன். கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் என் செலவு. 19 நாள் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு காகிதம்: 'விரிவாகப் பரிசோதிக்கப்பட்டது. குறை எதுவும் காணப்படவில்லை.' கேமராவைத் திறந்தால் பிரைட்னஸை உச்சத்தில் வைத்திருக்கிறார்கள். ரீசெட் போட்டு என் லட்டுகள் அத்தனையையும் அழித்துவிட்டார்கள். பச்சை அப்படியே இருக்கிறது.

விரிவான பரிசோதனை என்கிறீர்களே, உங்கள் கேமராவில் ஓடிய நேரத்தைக் காட்டும் கவுன்ட்டர் இருக்கிறது. ரீசெட் செய்தாலும் அது அழியாது. அனுப்பும்போது 412 மணி 20 நிமிடம். திரும்பி வந்தபோது 412 மணி 26 நிமிடம். பேனல் சூடாகி நிலைக்கவே அரை மணி நேரம் வேண்டும். 19 நாளில் ஆறே ஆறு நிமிடம் கேமராவை ஆன் செய்து, அதற்குள் என் லட்டையும் அழித்து, என்ன பரிசோதித்தீர்கள்? இரண்டு கவுன்ட்டர் படங்களும் இணைப்பில் இருக்கின்றன.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் கேமரா மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சென்சார் அருமையானது, தோல் நிறத்தை இந்த விலையில் வேறு யாரும் இப்படித் தருவதில்லை. அதனால்தான் விற்றுவிடாமல் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்று, சர்வீஸ் மெனுவைத் திறந்து திரையை டி65 வெள்ளைக்குச் சரி செய்து, முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைக் காகிதத்தில் கொடுங்கள். சரி செய்ய முடியாத பேனல் என்றால் மாற்றுங்கள். இரண்டும் முடியாது என்றால், திரையின் ஆர்ஜிபியை நாங்களே திருத்திக்கொள்ளும் வசதியை அடுத்த ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருளில்) கொடுங்கள், மீட்டர் வைத்து நானே செய்துகொள்கிறேன். வாரண்டி முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. அது முடியும் வரை இழுக்கிறீர்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, இன்னும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன், பிறகு சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இன்னொரு முறை பெங்களூர் ரயிலேற வேண்டியதில்லை. வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் ஆக மாட்டார் என்று உங்கள் வக்கீல் சொல்வார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியதற்கு அந்த விலக்கு பொருந்தாது, கேட்டு வைத்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போக வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இணைப்பில்: வாங்கிய ரசீது, ஸ்பெக்ட்ரோ அளவுகள், உள்திரையையும் மானிட்டரையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம், பெங்களூர் டோக்கன், மும்பைக் காகிதம், கவுன்ட்டர் படங்கள், கண் சான்றிதழ்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: கேமராவை மறுபடியும் அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன், இந்த முறை கூரியர் செலவு உங்களுடையது. இன்று காலை கவுன்ட்டரில் 431 மணி 10 நிமிடம். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.